அன்னலட்சுமி தோளில் யார் கை?

கேட்டுடுங்கம்மா. பஸ் செங்கல்பட்டு தாண்டினதுலேருந்து நானும் பார்த்துக்கிட்டே வர்றேன். என் மூஞ்சியைப் பார்க்கிறீங்க, ஜன்னலைப் பார்க்கிறீங்க, மறுபடி என் மூஞ்சியைப் பார்க்கிறீங்க. கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. கேட்டுட்டா செரிச்சுடும். நான்தான். 'ஏழாம் வீட்டு மருமகள்' சீரியல்ல காசிக்குப் போன இடத்துல செத்துப்போனாளே மாமியார் அன்னலட்சுமி, அது நானேதான். பயப்படாதீங்க, வேணும்னா கிள்ளிப் பாருங்க.

ஆ! நெஜமாவே கிள்ளுறீங்களேம்மா! பரவாயில்ல, பரவாயில்ல. இதாவது கிள்ளு. மயிலாப்பூர்ல ஒரு அம்மா என்னைப் பார்த்த உடனே கையில இருந்த அர்ச்சனைத் தேங்காயைக் கீழே போட்டுட்டாங்க. சூறைத் தேங்காய்னு நினைச்சு சுத்தி நின்னவங்க பொறுக்கிக்கிட்டுப் போயிட்டாங்க.

நான் செத்ததுக்கு அப்புறம் பார்க்கலையா? ஏன்? ஓ, பொண்ணுக்குப் பப்ளிக் பரீட்சையா, கேபிளைக் கட் பண்ணிட்டீங்களா. நல்ல அம்மா. ஆனா பெரிய தப்புப் பண்ணிட்டீங்க, நான் செத்ததுக்கு அப்புறம்தான் கதையே! கும்பகோணம் வரைக்கும் வர்றீங்கதானே? அப்ப சொல்றேன். எங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருந்தா "மெதுவா பேசு, மெதுவா பேசு"ம்பார். நல்லவேளை, உங்களுக்குச் சீட்டைக் கொடுத்துட்டுப் பின்னாடி போயிட்டார். அதோ, பச்சை மஃப்ளர். பேரு தெய்வநாயகம். குடிநீர் வாரியத்துல வால்வு திறந்து மூடுற வேலை, இப்ப ரிட்டயர்டு. ஊருக்கெல்லாம் தண்ணியைத் திறந்துவிட்டார், வாயை மட்டும் திறக்கமாட்டார். தூங்குறார் பாருங்க. தூங்கட்டும்.

என் சொந்தப் பேரு மரகதவல்லி. அது யாருக்கும் தெரியாது. சீரியல் உலகத்துல எனக்கு ஒரே பேரு, 'இவருக்குப் பதில் இவர்'. பார்த்திருப்பீங்களே, ஒரு நடிகை கோவிச்சுக்கிட்டோ வேற சேனலுக்கோ போயிட்டா, அவங்க மூஞ்சியை இடது பக்கமும் புதுசா வர்றவங்க மூஞ்சியை வலது பக்கமும் போட்டு, 'இனி இவருக்குப் பதில் இவர்'னு காட்டுவாங்க. அந்த வலது பக்க மூஞ்சி எப்பவும் நான்தான். இடது பக்கம் மாறும், வலது பக்கம் மாறாது. ஒரு தடவை நல்ல உயரமா, எலுமிச்சம்பழக் கலர்ல இருந்த அம்மாவுக்குப் பதில் என்னைப் போட்டாங்க. நான் இந்த உயரம், இந்தக் கலர். மகனா நடிச்ச பையன் என்னைக் கட்டிப்பிடிச்சு, "நீ கொஞ்சம்கூட மாறலம்மா"ன்னு டயலாக் பேசுறான். கேமராமேன் சிரிச்ச சிரிப்புல கேமராவே ஆடிப்போச்சு.

ஜனங்க நாலு நாள் திட்டுவாங்க, அப்புறம் பழகிடுவாங்க. எனக்குத்தான் பழகலம்மா. இன்னொருத்தி கட்டிக் கழட்டின சேலை, இன்னொருத்தி வளர்த்த பிள்ளைங்க. "மேடம், பழைய மேடம் கழுத்தைச் சாய்ச்சு அழுவாங்க, நீங்களும் சாய்ங்க"ம்பாங்க. அழுகை என்னுது, சாய்ப்பு அவங்களுது. அன்னலட்சுமி அப்படி இல்ல. மொத எபிசோட்ல அந்த வீட்டுக் கதவைத் திறந்ததே நான்தான். எனக்கு முன்னாடி அந்தச் சேலையை யாரும் கட்டல. மருமகளைப் பெத்த மகளா பார்த்துக்கிற மாமியார், விதவை, வாயில கெட்ட வார்த்தையே வராது. நான் எங்கே, அன்னலட்சுமி எங்கே! ஆனா ஊரே என்னை அன்னலட்சுமின்னு கும்பிட்டுச்சு. காய்கறிக்காரர் நான் கேட்காமலே கறிவேப்பிலையை அள்ளிப் போடுவார். எதிர்வீட்டுப் பொண்ணு தன் சொந்த மாமியாரை விட்டுட்டு எங்கிட்ட வந்து புத்தி கேட்டுக்கும். எனக்கு எங்க புத்தி இருக்கு? அன்னலட்சுமி சொன்னதையே திருப்பிச் சொல்லி அனுப்புவேன்.

இந்த நேரம் பார்த்து எம் பொண்ணு பொற்கொடிக்குப் பிரசவம். கும்பகோணத்துல கட்டிக் கொடுத்திருக்கேன். தலைப் பிரசவம், பயணம் கூடாதுன்னுட்டாங்க டாக்டர், தாய் பக்கத்துல இருக்க வேண்டாமா? மேனேஜர் பிச்சாண்டிகிட்ட லீவு கேட்டேன். எந்தெந்த நடிகர் என்னைக்கு வரணும்னு பார்த்துக்கிறவர் அவர்தான். சீரியல்ல லீவு கேட்கிறது எப்படித் தெரியுமா? புலிகிட்ட போய் "கொஞ்சம் வாயை மூடிக்கோ, நான் போயிட்டு வந்துடறேன்"னு சொல்ற மாதிரி. ஆனா பிச்சாண்டி தங்கமான மனுஷன். "கவலைப்படாதீங்க அக்கா, அன்னலட்சுமியைக் காசிக்கு அனுப்பிடலாம்"னார். அது ஒரு வழக்கம்மா. வயசானவங்க லீவு கேட்டா காசி, சின்ன வயசுன்னா அமெரிக்கா. எல்லாரையும் கும்பிட்டுட்டு, மருமக கையில சாவிக்கொத்தைக் கொடுத்துட்டு, நானும் காசிக்குக் கிளம்பி, கும்பகோணத்துல போய் இறங்கினேன்.

பேரன் பொறந்தான். முட்டை முட்டையா கண்ணு. அன்னைக்கே பிச்சாண்டிகிட்டேருந்து போன். "அக்கா, நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க, சிரிச்ச முகமா." எனக்குத் தலைகால் புரியல. சேனல்ல விருது கொடுக்கிற சமயம் அது. சிறந்த மாமியார் விருது நமக்குத்தான்னு முடிவே பண்ணிட்டேன். எங்கிட்ட இருக்கிறதுலேயே நல்ல போட்டோ ஒண்ணே ஒண்ணுதான். பொற்கொடி கல்யாணத்துல நானும் அவரும் நின்னு எடுத்தது. அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, இவ்வளவு பெரிய பொட்டு. அதுல அவர் கை என் தோள்ல இருக்கும். தானா போடலம்மா, போட்டோக்காரப் பையன்தான் "சார், கையை ஆன்ட்டி தோள்ல போடுங்க சார், சும்மா போடுங்க, அவங்க உங்க ஒய்ஃப்தானே"ன்னு கத்தினான். மண்டபமே சிரிச்சுது. போட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்துல நாலு பேர் பார்க்க என் மேல கை போட்டது அந்த ஒரு தடவைதான். அதனாலதான் அதுல எனக்கு அப்படி ஒரு சிரிப்பு. அதை அனுப்பிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி வார்டுல டிவி ஓடுது. பிள்ளை பெத்தவங்க, கூட இருக்கிறவங்க, ஆயா, நர்ஸ் எல்லாரும் நம்ம சீரியலைப் பார்க்கிறாங்க. நானும் பேரனை மடியில வச்சுக்கிட்டுப் பார்க்கிறேன். மகனுக்குப் போன் வருது. எடுக்கிறான். மருமக கையிலேருந்து தட்டு விழுந்து உருண்டு உருண்டு உருண்டு... விளம்பரம். யாரோ போயிட்டாங்கன்னு தெரியுது. யாரு, யாருன்னு எல்லாரும் பதறுறாங்க, நானும்தான் பதறுறேன். விளம்பரம் முடிஞ்சு மகன் வாயைத் திறந்து, "அம்மாஆஆ!"ங்கிறான்.

அடப்பாவி, நானா!

ஒரு வார்த்தை சொல்லலம்மா எங்கிட்ட. போன்லயே கொன்னுட்டாங்க. ஆஸ்பத்திரி ஆயா என் தோள்லயே சாஞ்சு, "போயிட்டீங்களேம்மா, எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே"ன்னு அழறா. நான் அவ முதுகைத் தட்டி ஆறுதல் சொல்றேன். கட்டில்ல பொற்கொடி, "அம்மா, சிரிக்க வைக்காதே, தையல் பிரிஞ்சுடும்"னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறா. பிச்சாண்டிக்குப் போன் போட்டு ஏறு ஏறுன்னு ஏறினேன். "சேனல்ல ஒரு சாவு கேட்டாங்க அக்கா. நீங்க எப்படியும் காசியில இருந்தீங்க"ன்னார். எவ்வளவு வசதி பாருங்க!

சரி, செத்தது போகட்டும். அடுத்த நாள் சீரியல் வீட்டு நடுக்கூடத்துல என் போட்டோவை மாட்டுறாங்க. நான் அனுப்பின அதே போட்டோ. அவரை வெட்டிட்டாங்க. அன்னலட்சுமி விதவை இல்லையா, அதனால என் நெத்திப் பொட்டைக் கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டாங்க, பூவை அழிச்சுட்டாங்க, தாலிக்கொடியை அழிச்சுட்டாங்க. மாலை போட்டு, விளக்கு ஏத்தி... அழுதுட்டேன்மா. வேற யாராவதா இருந்தா சிரிச்சிருப்பேன். அது என் மூஞ்சி. எம் பொண்ணு கல்யாணத்துச் சிரிப்பு. அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு ஆசைதான் வந்துச்சு. எப்படியாவது அந்த மாலை கழறணும், நான் மறுபடி அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு உள்ளே போகணும்.

எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தார். ஒரு ஆறுதல் சொல்லணுமே! ம்ஹூம். எழுந்தார், செருப்பை மாட்டினார், கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டார். பொண்டாட்டி அழுதுக்கிட்டு இருக்கா, மனுஷன் கோயிலுக்குப் போறார். கையில ஒரு குங்குமப் பொட்டலத்தோட வந்து, "வச்சுக்கோ. பெருசா வை"ங்கிறார். அன்னையிலேருந்து தினம் இதே பாட்டு. வெளியே கிளம்பினா, "பொட்டு சின்னதா இருக்கு, பெருசா வை." எனக்குக் கோவம் வரும். அறுபது வயசைத் தாண்டினதுக்கு அப்புறம் மனுஷனுக்குப் பொண்டாட்டி அலங்காரத்துல அக்கறை வந்திருக்கு பாருங்க!

சென்னைக்குத் திரும்பினேன். செத்தவளுக்கு என்ன வேலை? வேற சேனல்ல 'அரளிக்காடு'ன்னு ஒரு சீரியல், அதுல வில்லி மாமியார். நான் அங்கே மருமகளுக்குப் பால்ல விஷம் கலக்கிறேன், அதே நேரத்துல இங்கே போட்டோவுல சிரிக்கிறேன். கறிவேப்பிலை நின்னுபோச்சும்மா. காய்கறிக்காரர், "இருந்தவரைக்கும் நல்லவங்களா இருந்தீங்க"ன்னார், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு.

இதுல இன்னொரு கூத்து. சீரியல்னாலே பேப்பரைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போற எங்க வீட்டுக்காரர், நான் செத்ததுலேருந்து 'ஏழாம் வீட்டு மருமகள்' ஒரு நாள் விடாம பார்க்க ஆரம்பிச்சார். போன்ல நான் இதைச் சொன்னா பொற்கொடி சிரி சிரின்னு சிரிப்பா. மருமகளா வர்ற பொண்ணு நல்ல அழகு, அதான்னு எனக்குத் தெரியும். ஆனா பாருங்க, கதையையாவது ஒழுங்கா பார்ப்பாரா? அந்தப் பொண்ணு வந்து போட்டோவுக்கு விளக்கேத்திக் கும்பிடுமே, அது வரைக்கும்தான் உட்கார்ந்திருப்பார். அது முடிஞ்சதும் டிவியை அணைச்சுட்டுப் போயிடுவார். அப்புறம்தான் கதையே நடக்கும். ரசனை இல்லாத மனுஷன்.

இருங்க, முக்கியமான இடத்துக்கு வந்துட்டேன். மொதல்ல போட்டோவுக்கு நல்ல ரோஜா மாலையா போட்டுக்கிட்டு இருந்தாங்க. தினம் பூவா வாங்குறதுன்னு, சந்தன மாலைக்கு மாத்திட்டாங்க. நல்லவேளை மாத்தினாங்க! ரோஜா மாலை குண்டு, சந்தன மாலை ஒல்லி. ஒரு நாள் குளோசப்ல பார்த்தா, அன்னலட்சுமி தோள்ல ஒரு கை!

புரியலையா? அவரை வெட்டினவங்க, பொட்டை அழிச்சவங்க, பூவை அழிச்சவங்க, தோள்ல இருந்த கையை மறந்துட்டாங்கம்மா! ரோஜா மாலைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பவழ மோதிரம், கோணலான சுண்டுவிரல். வால்வு திருகினப்போ சிக்கிக் கோணினது, எங்க வீட்டுக்காரர் கையேதான். விதவை அன்னலட்சுமி தோள்ல ஆம்பளைக் கை! நாடே கொந்தளிச்சுப்போச்சு. செல்போன்ல பூரா அதே படம்தான், சுத்தி சிவப்பு வட்டம் போட்டு, 'அன்னலட்சுமி தோளில் யார் கை?' ஒருத்தன் காசிச் சாமியார் கைங்கிறான், ஒருத்தன் ஆவி கைங்கிறான். எதிர்வீட்டுப் பொண்ணு என்னைக் கேவலமா ஒரு பார்வை பார்த்துட்டுக் கதவைச் சாத்துது. "அது என் புருஷன் கைடீ"ன்னு கத்தினேன். "அவர்தான் மொத எபிசோட்லயே செத்துட்டாரே"ங்குது!

வேற சேனலா இருந்தா போட்டோவை மாத்தியிருப்பாங்க. இவங்க கதையை மாத்திட்டாங்க. அன்னலட்சுமி புருஷன் சாகவே இல்ல, அந்தமான்ல இருந்தார், இப்ப வர்றார்! அதுக்கு யாரைப் போட்டாங்க தெரியுமா? பரணிதரனை. 'அரளிக்காடு'ல அவர் எனக்குத் தம்பி. காலையில அங்கே "அக்கா, விஷத்தை எங்கே வச்சே"ங்கிறார், மத்தியானம் சாப்பிட்டுட்டு இங்கே வந்து "அன்னம், நீ எங்கே"ங்கிறார். மூஞ்சி பரவாயில்ல, ஜனங்க பழகிக்குவாங்க. ஆனா கை? நாடே அந்தக் கையை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கே! பரணிதரன் கை புசுபுசுன்னு பன்னு மாதிரி. அதனால பிச்சாண்டி நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டார். "அக்கா, சாரோட கை வேணும்."

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. எத்தனை வருஷம் வாய்ப்புக்காக அலைஞ்சவ நான். என்னைக் கொன்னுட்டு எம் புருஷன் கைக்கு வாய்ப்புக் கொடுக்கிறாங்க! "அவருக்கு நடிக்க வராது"ன்னேன். அவரும் "எனக்கு வராதுங்க"ன்னார். அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு, "நான் வந்தா அந்தப் போட்டோ கிட்ட போகலாமா?"ன்னு கேட்டார். "நீங்கதான் சார் அதுக்கு மாலை போடுறீங்க, அதான் சீனே"ன்னார் பிச்சாண்டி. உடனே "வர்றேன்"னுட்டார். யாருக்குத்தான் ஆசை விட்டுச்சு, சொல்லுங்க.

நானும் கூடப் போனேன், விடுவேனா? மேக்கப்மேன் அவர் கைக்குப் பவுடர் போடுறான். ஒருத்தன் குடை பிடிக்கிறான், கை கறுத்துடுமாம்! பரணிதரன் போட்டோ முன்னாடி நிக்கிறார். எங்க வீட்டுக்காரரை அவர் முதுகுக்குப் பின்னாடி குத்தவச்சு, சட்டை இடுக்கு வழியா கையை மட்டும் வெளியே நீட்டச் சொல்லிட்டாங்க. மூஞ்சி ஒருத்தர், கை ஒருத்தர். டைரக்டர் மோகனரூபன் குனிஞ்சு முதுகுக்குப் பின்னாடி எட்டிப் பார்த்து, "சார், கையில கொஞ்சம் சோகம் வேணும்"ங்கிறார். நான் ஓரத்துல நின்னு முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன்.

ஆக்‌ஷன்! கை மாலையை எடுத்துக்கிட்டு மேலே போகுது. போட்டோ வரைக்கும் போகுது. நின்னுடுது. கட்! மறுபடி. கை போகுது, கிட்ட போய் நடுங்குது. "அற்புதம் சார், அந்த நடுக்கம் அற்புதம், ஆனா மாலையைப் போடுங்க"ங்கிறார் டைரக்டர். போடணுமே! மூணாவது தடவை என்ன பண்ணார் தெரியுமா? புது மாலையைத் தூக்கித் தரையில எறிஞ்சார். போட்டோவுல கிடந்த பழைய மாலையைப் பிடிச்சு ஒரே இழுப்பு, சந்தன மணி எல்லாம் சிதறி ஓடுது. கை உள்ளே போச்சு, வெளியே வந்துச்சு. வந்தா விரல்ல குங்குமம்! கண்ணாடி மேல என் நெத்தியில, இவ்வளவு பெருசா, அழுத்தி வச்சார். பரணிதரன் முதுகுக்குப் பின்னாடியிலேருந்து ஒரு சத்தம், "அவ உயிரோட இருக்கா."

செட்டு அப்படியே நின்னுபோச்சு. பரணிதரனைச் சும்மா சொல்லக்கூடாதும்மா, அனுபவம்னா அனுபவம். யாரோ பேசின வசனத்துக்கு வாயை அசைச்சு, அப்படியே ஓன்னு அழுதுட்டார். டைரக்டர் கட் சொல்லவே மறந்துட்டார். லைட் பிடிக்கிறவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. எனக்கு மட்டும் மானம் போச்சு. "வந்த மொத நாளே சொன்னதைக் கேட்காம சொந்தமா நடிக்கிறீங்களே, இது அடுக்குமா"ன்னு கார்ல வர்ற வழியெல்லாம் திட்டினேன். அந்தக் குங்குமப் பொட்டலம்கூட வீட்டுலேருந்தே சட்டைப் பையில எடுத்துக்கிட்டுப் போயிருக்கார்னா பாருங்களேன்! அன்னைக்குக் கோயில்ல வாங்கினது. நடிப்பு ஆசை அந்த அளவுக்கு முத்திப்போச்சு. நான் திட்டத் திட்ட ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே வந்தார். பவுடர் போட்ட கையைத் துடைக்கக்கூட இல்ல.

அந்த எபிசோடு வந்துச்சு பாருங்க, பிச்சுக்கிட்டுப் போச்சு! அன்னலட்சுமி உயிரோட வரணும்னு ஊரே கேட்குது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வருது. மாலை கழண்டுடுச்சு, கதவு திறந்துடுச்சு! புதுச் சேலைகூட எடுத்துட்டேன். அப்ப பிச்சாண்டி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்து நிக்கிறார். "அக்கா, பரணிதரன் சாருக்கு அங்கே சின்ன வேஷம், நீங்க அந்தச் சேனலோட மெயின் வில்லி. மேலே ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. குமுதினி மேடத்தைப் பேசியிருக்கோம்."

இவருக்குப் பதில் இவர்!

வாழ்க்கையில மொத தடவையா நான் இடது பக்கம்மா. எத்தனை பேர் சேலையை நான் வாங்கிக் கட்டியிருக்கேன், அப்ப அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எடுத்த புதுச் சேலையை மடிச்சுப் பெட்டியில வச்சுட்டேன்.  பிச்சாண்டி எங்க வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "சார், நீங்க திங்கட்கிழமை வந்துடுங்க. குமுதினி மேடம் காசியிலேருந்து வந்து நிக்கிறாங்க, உங்க கை அவங்க தோள்ல விழுது, பெரிய சீன்"ங்கிறார்.

எங்க வீட்டுக்காரர் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை எடுத்துச் சட்டைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு, "இந்தத் தோள்லன்னா வரும். வேற தோள்லன்னா வராது"ன்னார். அவ்வளவுதான். எழுந்து மாடிக்குப் போயிட்டார்.

பார்த்தீங்களா! ஒரு எபிசோடு நடிச்சதும் பெரிய நடிகர் மாதிரி நிபந்தனை போடக் கத்துக்கிட்டார்! ஆனா அந்த நிபந்தனை வேலை செஞ்சுது. கை இல்லாம சீன் இல்ல. ரெண்டு சேனலும் உட்கார்ந்து பேசி, போன திங்கட்கிழமை நான் அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு உள்ளே போனேன்மா. நானே! செட்ல எல்லாரும் கை தட்டுறாங்க. மருமகளா நடிக்கிற பொண்ணு நெஜமாவே அழுதுச்சு. அந்தக் கை என் தோள்ல வந்து விழுந்துச்சு. டைரக்டர் கட் சொல்லியாச்சு, லைட் எல்லாம் அணைச்சாச்சு, கை மட்டும் எடுக்கல. "என்னங்க, முடிஞ்சுபோச்சு"ன்னு நான்தான் ஞாபகப்படுத்தினேன். தொழில் தெரியாது பாவம், எப்ப எடுக்கணும்னுகூட யாராவது சொல்லணும்.

அட, பஸ் நின்னுடுச்சே. வாங்க, வாங்க, டீ குடிக்கலாம். அவரும் எழுந்துட்டார். பேரனுக்குக் காது குத்து, அதுக்குத்தான் போறோம். ஒரு வாரம் லீவு. எப்படிக் கொடுத்தாங்கன்னு கேட்கிறீங்களா? 'ஏழாம் வீட்டு மருமகள்'ல பிரச்சனை இல்ல, புருஷனும் பொண்டாட்டியும் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருக்கோம். 'அரளிக்காடு'லதான் கேட்கவே பயமா இருந்துச்சு. ஆனா அந்த மேனேஜரும் தங்கமான மனுஷன். "அதுக்கென்ன மேடம், உங்களைக் காசிக்கு அனுப்பிடுறோம்"னுட்டார்.

ஏம்மா சிரிக்கிறீங்க? அங்கெல்லாம் அப்படிச் செய்யமாட்டாங்க, வில்லி இல்லாம கதை ஏது? இன்னைக்குக் காலையிலகூட அந்த மேனேஜர் அன்பா மெசேஜ் போட்டிருக்கார். 'மேடம், சிரிச்ச முகமா ஒரு போட்டோ அனுப்புங்க'ன்னு. விருதுக்காகத்தான் இருக்கும், சிறந்த வில்லி. நல்லவேளை ஞாபகம் வந்துச்சு. இந்தாங்க என் போன், ஒண்ணு எடுத்துக் கொடுங்க. இந்த மரத்துக்கிட்ட நிக்கிறேன். பொட்டு சரியா இருக்கா? பெருசாத்தான் இருக்கு. என்னங்க, நீங்க ஏன் வர்றீங்க? விருதுக்குங்க, நான் மட்டும் போதும். அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. தள்ளி நில்லுங்கன்னா கிட்ட வர்றீங்களே! ஐயோ, பஸ்ல வர்றவங்க எல்லாம் பார்க்கிறாங்க, தோள்ல எதுக்கு இப்பக் கை? பாருங்கம்மா, ஒரு கை இல்ல, ரெண்டு கையையும் போட்டுக்கிட்டு, மூஞ்சியைக் கொண்டுவந்து என் மூஞ்சியோட ஒட்டி வச்சுக்கிட்டு நிக்கிறார். இப்படி நின்னா அவங்க என்னை மட்டும் எப்படித் தனியா வெட்டி எடுப்பாங்க? நீங்களாவது சொல்லுங்கம்மா இவருக்கு.

சொல்லமாட்டேங்கிறீங்களே. நீங்க ஏன் அழறீங்க இப்ப? சரி சரி, எடுங்க. பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார்.